வானிலிருந்து நிலத்தின் சூட்டை அளக்கும் கருவிகளும் அவற்றைச் சரிபார்க்கும் முறையும்

நெல் அளக்கும் மரக்காலுக்கு முத்திரை உண்டு. தராசின் படிக்கல்லுக்கும் முத்திரை உண்டு. முத்திரையில்லாத மரக்காலால் தம் களத்து நெல்லை அளக்க எந்தக் குடியானவரும் இசையமாட்டார். அளப்பவர் யோக்கியராகவே இருக்கலாம். ஆயினும், அளக்கும் பாத்திரம் சரியானதென்று வேறொரு நிலையான அளவைக்கொண்டு சோதிக்கப்பட்டிருக்கவேண்டும் என்பதே நம் வழக்கம். இவ்வழக்கத்தின் நியாயம் களத்து மேட்டோடு நின்றுவிடுவதன்று. பூமிக்கு 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, கீழேயுள்ள வயல்களின் சூட்டை அளக்கும் செயற்கைக் கோள்களின் கருவிகளுக்கும் அது அப்படியே பொருந்தும்.

இக்காலத்தில், ஒரு பிரதேசத்துப் பயிர்கள் எவ்வளவு நீர் பருகின, எந்த வயல் வாடுகிறது, எந்த வட்டாரத்தில் வறட்சி தலைகாட்டுகிறது என்பன போன்ற விஷயங்களைப் பல தேசங்களில் இக்கருவிகள் காட்டும் எண்களைக்கொண்டு மதிப்பிடுகின்றனர். எண் தவறினால் மதிப்பும் தவறும். மதிப்பு தவறினால் நஷ்டம் பயிரிடுபவருக்கே. ஆதலால், அக்கருவிகளுக்கு முத்திரையிடுவோர் யார், எதைக்கொண்டு இடுகின்றனர், முத்திரை தவறியபோது நேர்ந்தது யாது என்பவற்றைக் குடியானவர்கள் அறிந்துகொள்வது நலம். இக்கட்டுரையில் டிகிரி என்று வருமிடமெல்லாம், இப்போது செல்ஷியஸ் என்று வழங்கும் செண்டிகிரேட் டிகிரியையே குறிக்கும்.

நிலத்தின் சூடும் பயிரின் தாகமும்

ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலை வரையில் சூடாக்க 70 கலோரி உஷ்ணம் போதும். ஆனால், அதே ஒரு கிராம் நீர் இலையின் நுண்துளை வழியாக ஆவியாகிச் செல்லவேண்டுமானால் சுமார் 580 கலோரி உஷ்ணம் செலவாகிறது. இவ்வுஷ்ணத்தை இலை தன்னிடமிருந்தும் தன்னைச் சூழ்ந்த காற்றிலிருந்துமே கொடுக்கவேண்டும். ஆகவே, வேரில் ஈரம் உள்ள பயிர் வெயிலில் நின்றாலும் குளிர்ந்திருக்கும். ஈரம் குறையும்போது பயிர் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், ஆவி வெளிச்செல்வது குறையும், இலை சூடேறும். இலை சுருண்டு மஞ்சளிப்பதைக் கண் காண்பதற்கு முன்பே இச்சூடு தோன்றிவிடுகிறது.

வாய்க்காலில் திறந்துவிட்ட நீரை மதகில் அளக்கலாம். கிணற்று நீரை மோட்டார் ஓடிய மணிக்கணக்கைக்கொண்டு ஒருவாறு மதிப்பிடலாம். ஆனால், அவ்வாறு பாய்ந்த நீரில் பயிர் உண்மையிலே பருகியது எவ்வளவு என்பதை மதகும் சொல்லாது; மோட்டாரும் சொல்லாது. அதைச் சொல்லவல்லது பயிரின் சூடு. நிலத்தின் சூட்டை வானிலிருந்து அளக்கும் முயற்சியில் விவசாயத்துக்குள்ள நேரான சம்பந்தம் இதுவே.

வட அமெரிக்காவில் ஐடஹோ ராஜ்யத்துப் பல்கலைக்கழகத்தார், 2000-வது வருஷத்தையொட்டி, லாண்ட்ஸாட் என்னும் செயற்கைக் கோள் வரிசையின் படங்களிலிருந்து வயல்வாரியாக நீர்ச்செலவைக் கணக்கிடும் ஒரு முறையை வகுத்தனர். அதற்கு மெட்ரிக் என்று பெயர். ஒரு நதியின் நீரைப் பல பாசனக்காரர்கள் பங்கிட்டுக்கொள்ளும் மேற்குப் பிரதேசத்து ராஜ்யங்களில் இக்கணக்கு மிகவும் பயன்பட்டது. லாண்ட்ஸாட் 8-ல் சூட்டை அளக்கும் கருவி முதலில் இடம்பெறவில்லை. அந்த ராஜ்யங்களின் நீர் அதிகாரிகள் வற்புறுத்தியதன்பேரில் அது பின்னர் சேர்க்கப்பட்டது என்பதிலிருந்தே அதன் அவசியம் விளங்கும்.

கருவி அளப்பது எதனை?

செயற்கைக் கோளின் கருவி நிலத்தைத் தொடுவதில்லை. உஷ்ணமானியின் குமிழை மண்ணில் புதைப்பதுமில்லை. சூடுள்ள பொருள் ஒவ்வொன்றும், தன் சூட்டின் அளவுக்கேற்ப, கண்ணுக்குப் புலப்படாத கதிர்களை வெளியிட்டுக்கொண்டேயிருக்கிறது. வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானசாஸ்திரி 1800-வது வருஷத்தில், சூரிய ஒளியைப் பட்டகத்தினால் நிறம்நிறமாகப் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால் ஒளியே தெரியாத இடத்தில் உஷ்ணமானியை வைத்தபோது அது ஏறக் கண்டார். அகச்சிவப்புக் கதிர்கள் என்று இப்போது நாம் கூறுவன அவையே. சூளைக்கு எதிரே நிற்பவர், அதைத் தொடாமலே அதன் வெம்மையை முகத்தில் உணர்வது இக்கதிர்களினால்தான்.

நம் வயல்களின் சாதாரணச் சூட்டில் எழும் கதிர்கள் மிக வலுவாக இருப்பது 8 முதல் 14 மைக்ரான் வரையிலான அலைநீளங்களிலாகும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லாண்ட்ஸாட் 8-லுள்ள கருவி, சுமார் 11 மைக்ரானிலும் சுமார் 12 மைக்ரானிலுமாக இரண்டு பட்டைகளில் இக்கதிர்களை வாங்கி மின்சாரக் குறிகளாக மாற்றுகிறது. தன் சொந்தச் சூடு குறுக்கிடாதிருக்கும்பொருட்டு, கதிர்களை வாங்கும் பகுதி பூஜ்யத்துக்கு 230 டிகிரி கீழாகக் குளிர்விக்கப்பட்டிருக்கிறது.

இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. கருவி தருவது மின்சாரக் குறியே யன்றிச் சூடன்று. இன்ன குறிக்கு இவ்வளவு கதிர், இவ்வளவு கதிருக்கு இவ்வளவு சூடு என்று ஒரு வாய்பாடு வேண்டும். அவ்வாய்பாட்டை வகுத்து, அது மாறாதிருக்கிறதாவென்று அடிக்கடி சோதித்து, மாறியிருப்பின் திருத்துவதே அளவுத்திருத்தம் எனப்படும்.

கருவியோடு கூடச் செல்லும் படிக்கற்கள்

எந்த அளவுகோலையும் சரிபார்க்க இரண்டு புள்ளிகளாவது தெரிந்திருக்கவேண்டும். சாதாரண உஷ்ணமானியைச் செய்பவர், உருகும் பனிக்கட்டியில் அமிழ்த்தி 0 என்றும், கொதிக்கும் நீராவியில் வைத்து 100 என்றும் குறித்து, நடுவே கோடுகளைப் பிரித்துக்கொள்வார். செயற்கைக் கோளின் கருவிக்கும் அவ்வாறே ஒரு குளிர்ந்த புள்ளியும் ஒரு சூடான புள்ளியும் உண்டு.

குளிர்ந்த புள்ளி ஆகாயவெளி. நக்ஷத்திரங்களுக்கு இடைப்பட்ட வெறுவெளியின் சூடு பூஜ்யத்துக்கு ஏறத்தாழ 270 டிகிரி கீழாதலால், அதைப் பார்க்கும்போது கருவிக்குள் வெளியிலிருந்து கதிர் ஒன்றும் வருவதில்லையென்றே கொள்ளலாம். அப்போதும் கருவி ஏதேனும் குறி காட்டினால், அது கருவியின் சொந்தக் குறியாகும். வெறும் தராசுத் தட்டைத் தூக்கிப் பார்ப்பதற்கு இது ஒப்பாகும்.

சூடான புள்ளி, கருவியோடு கூடவே கொண்டுசெல்லப்படும் கரும்பொருள். தன்மீது விழும் கதிர் முழுவதையும் விழுங்கவும், தன் சூட்டுக்குரிய கதிர் முழுவதையும் வெளியிடவும் வல்லதாகச் செய்யப்பட்ட ஒரு கறுத்த தகடு அது. அதன் சூட்டை, அதில் பதித்த சிறு உஷ்ணமானிகள் நேராகவே அளந்து சொல்லும். 1999-வது வருஷம் டிசம்பர் மாதத்தில் செலுத்தப்பட்ட டெர்ரா என்னும் செயற்கைக் கோளிலுள்ள மோடிஸ் கருவியின் கரும்பொருளில் இவ்வாறு 12 உஷ்ணமானிகள் பதிக்கப்பட்டுள்ளன.

இதுமட்டும் ஏன் போதாது?

கூடவே படிக்கல் இருக்கும்போது வேறு சோதனை எதற்கு என்று கேட்கலாம். கடைக்காரர் தம்முடைய படிக்கல்லைக்கொண்டே தம்முடைய தராசைச் சோதித்துக் காட்டினால் நாம் ஒப்புவதில்லை யல்லவா? காரணங்கள் மூன்று.

முதலாவது, படிக்கல்லே மாறிவிடக்கூடும். ராக்கெட்டின் அதிர்ச்சியும், காற்றற்ற வெளியும், வருஷக்கணக்கான வெயிலும் குளிரும், கண்ணாடிகளையும் பூச்சுகளையும் உஷ்ணமானிகளையும் சிறிது சிறிதாக மாற்றும். பழுது பார்க்கவோ, கீழே இறக்கி மறுபடி சோதிக்கவோ இயலாது.

இரண்டாவது, கதிர் வரும் வழி முழுவதையும் படிக்கல் சோதிப்பதில்லை. லாண்ட்ஸாட் 7-ல் கரும்பொருள் தொலைநோக்கிக்குப் பின்புறத்தில் அமைந்திருந்தது. முன்புறக் கண்ணாடிகளில் ஏற்படும் மாறுதலை அது அறியமாட்டாது.

மூன்றாவது, நிலத்துக்கும் கருவிக்கும் நடுவே காற்றுமண்டலம் இருக்கிறது. அதிலுள்ள நீராவி நிலத்தின் கதிரில் ஒரு பங்கை விழுங்கித் தன் கதிரைச் சேர்த்து அனுப்புகிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் இம்மாறுதல் பல டிகிரி வரையில் போகும். கருவி சரியாக இருந்தும், காற்றின் கணக்குத் தவறினால் நிலத்தின் சூடு தவறும்.

ஆகவே, கீழே பூமியின்மேல், சந்தேகத்துக்கு இடமில்லாத சூடுள்ள ஓரிடம் வேண்டும். செயற்கைக் கோள் தலைக்குமேல் செல்லும் அதே நிமிஷத்தில் அவ்விடத்தின் சூட்டை நேரில் அளந்து, இரண்டையும் ஒத்துப் பார்க்கவேண்டும்.

டாஹோ ஏரியும் ஸால்டன் ஏரியும்

அத்தகைய இடங்களுள் பிரசித்தமானது கலிபோர்னியா, நெவாடா ஆகிய ராஜ்யங்களின் எல்லையில் மலைகளின் நடுவேயுள்ள டாஹோ ஏரி. 1999-வது வருஷம் முதல் நாஸாவின் ஜெட் உந்துவிசை ஆராய்ச்சிசாலையார் அவ்வேரியில் நான்கு மிதவைகளை நிறுத்தி, இரவும் பகலும் நீரின் சூட்டைக் குறித்துவருகின்றனர்.

வயலின் சூட்டை அளக்கவேண்டிய கருவியை ஏரியில் சோதிப்பானேன்? வயலில் ஓர் அடிக்கு ஓர் அடி சூடு மாறும். இலை ஒரு சூடு, அதன் நிழலில் உள்ள மண் ஒரு சூடு, வெயிலில் உள்ள மண் மற்றொரு சூடு. கருவியின் ஒரு கட்டமோ 100 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேர். அதற்குள் எந்த இடத்தில் உஷ்ணமானியை வைப்பது? ஏரியின் நீர்ப்பரப்போ பரந்து ஒரே சீராக இருக்கிறது. அதன் சூடு மெதுவாகவே மாறுகிறது. நீர் தன் சூட்டுக்குரிய கதிரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை வெளியிடுகிறதென்பதும் நன்கு தெரிந்ததே. டாஹோ ஏரி கடல்மட்டத்துக்குச் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அதன் மேலுள்ள காற்றில் நீராவி குறைவு. காற்றின் கணக்கில் தவறு நேர இடம் சிறிது. சுமார் 500 மீட்டர் ஆழமுள்ளதாகையால் குளிர்காலத்திலும் அது உறைவதில்லை. வருஷமெல்லாம் சோதனை நடத்தலாம்.

ஏரியில் அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. செயற்கைக் கோள் காண்பது நீரின் மேல்தோலை மட்டுமே. ஒரு மில்லிமீட்டரிலும் மெல்லிய அத்தோல், ஆவியாவதனால் குளிர்ந்து, தனக்குச் சில அங்குலம் கீழேயுள்ள நீரைவிட ஒரு டிகிரியில் சில பத்திலொரு பங்கு குறைவாக இருப்பது வழக்கம். காற்றின் வேகத்தைப் பொறுத்து இவ்வித்தியாசம் மாறும். ஆகையால், மிதவைகளில் நீருக்குள் அமிழ்ந்த உஷ்ணமானிகள் மட்டுமன்றி, நீரின் தோலை மேலிருந்து நோக்கிக் கதிரை அளக்கும் கருவிகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. அக்கருவிகளும் தமக்குரிய கரும்பொருளைக்கொண்டு தம்மைச் சரிபார்த்துக்கொள்வன. இவ்வாறு கிடைக்கும் அளவில் தவறு பத்தில் ஒரு டிகிரியளவே.

டாஹோவின் நீர் வருஷத்தில் சுமார் 5 டிகிரி முதல் 25 டிகிரி வரையில் மாறும். வெயிற்காலத்து வயல்களோ இதற்கு மேலும் சூடேறுவன. ஒரு படிக்கல்லால் தராசைச் சோதித்து, பத்துப் படிக்கல்லின் பாரத்திலும் அது சரியென்று கொள்ளுதல் தகாது. ஆதலால், 2008-வது வருஷத்தில் தெற்குக் கலிபோர்னியாவின் பாலைவனத்திலுள்ள ஸால்டன் ஏரியிலும் இத்தகைய ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. அது கடல்மட்டத்துக்குச் சுமார் 70 மீட்டர் தாழ்ந்த உப்பு ஏரி. கோடையில் அதன் நீர் 35 டிகிரி வரையில் சூடேறும். காற்றும் அங்கே கனமானது. மலைமேல் குளிர்ந்த ஏரியொன்று, பள்ளத்தில் வெம்மையான ஏரியொன்று: இரண்டிலும் ஒத்துவரும் கருவியையே நம்பலாம்.

இச்சோதனையின் பயன் உடனே தெரியவந்தது. 1999-வது வருஷம் ஏப்ரல் மாதத்தில் செலுத்தப்பட்ட லாண்ட்ஸாட் 7, உண்மையினும் இரண்டு மூன்று டிகிரி அதிகமாகச் சூட்டைக் காட்டுவது நீர்நிலைச் சோதனைகளால் வெளிப்பட்டது. அது எங்கும் ஒரே அளவான பிழையாதலால், 2000-வது வருஷம் டிசம்பர் மாதம் முதல் கணக்கில் அதைக் கழித்துத் திருத்தினர்.

2013-வது வருஷத்தில் நேர்ந்த கோளாறு

லாண்ட்ஸாட் 8, 2013-வது வருஷம் பிப்ரவரி மாதம் 11-ந் தேதி செலுத்தப்பட்டது. அதிலுள்ள சூடளக்கும் கருவி முன்னவற்றினும் நுட்பமானது. ஆயினும், சில மாதங்களுக்குள் இரண்டு குறைகள் தென்பட்டன. படங்களில் இருக்கக்கூடாத பட்டைக் கோடுகள் தோன்றின. ஏரிகளிலும் கடல் மிதவைகளிலும் ஒத்துப் பார்த்தபோது, 11 மைக்ரான் பட்டை சுமார் 2 டிகிரியும், 12 மைக்ரான் பட்டை 4 டிகிரிக்குமேலும் அதிகமாகக் காட்டுவது தெரிந்தது. அதனினும் கவலை தந்தது யாதெனில், இப்பிழை ஒரே அளவாக இராமல், நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் ஏறியும் இறங்கியும் வந்ததுதான்.

காரணத்தைக் கண்டுபிடிக்கச் சந்திரன் உதவிற்று. செயற்கைக் கோளைத் திருப்பி, சந்திரன் கருவியின் பார்வைக்கு நேரே இராமல் சற்று விலகிப் பல நிலைகளில் இருக்கும்படி செய்து, ஒவ்வொரு நிலையிலும் கருவி என்ன காட்டுகிறதென்று குறித்தனர். பார்வைக்கு வெளியே இருக்கும் பொருளால் கருவியில் குறி ஒன்றும் எழக்கூடாது. ஆனால், சந்திரன் பார்வைக்கோட்டிலிருந்து சுமார் 15 டிகிரி கோணம் விலகியிருந்த சில நிலைகளில் மங்கலான குறி எழுந்தது. தொலைநோக்கியின் உட்புறத்தில் பட்டுத் தெறித்த புறக்கதிர் ஒன்று உள்ளே நுழைவது இதனால் புலனாயிற்று.

இதன் விளைவைக் கருதிப் பார்க்கவேண்டும். 705 கிலோமீட்டர் உயரத்தில் 15 டிகிரி கோணம் என்பது, தரையில் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தூரம். அதாவது, கருவி ஒரு வயலைப் பார்க்கும்போது, 190 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பாலைவனத்தின் வெம்மையோ, மேகத்தின் குளிர்ச்சியோ, கடலின் சூடோ அவ்வயலின் கணக்கில் கலந்துவந்தது. கரும்பொருளைப் பார்க்கும்போது இக்கலப்பு இவ்விதம் நேராதாகையால், கூடச் சென்ற படிக்கல்லால் இதைக் காட்டிக்கொடுக்க இயலவில்லை. ஏரியில் மிதந்த உஷ்ணமானிகளே காட்டிக்கொடுத்தன.

2014-வது வருஷம் பிப்ரவரியில், பிழையின் சராசரி அளவை எல்லாப் படங்களிலிருந்தும் கழித்தனர். ஆயினும், இடத்துக்கிடம் மாறும் பகுதி எஞ்சியே நின்றது. 12 மைக்ரான் பட்டையை அளவுக் கணக்குக்கு உபயோகிக்கவேண்டாமென்று அவ்வருஷத் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டது. இரண்டு பட்டைகளின் வித்தியாசத்தைக்கொண்டு காற்றின் நீராவிக்குக் கழிவு செய்யும் முறைக்காகவே இரண்டு பட்டைகள் வைக்கப்பட்டிருந்தன. அம்முறையும் இதனால் தடைப்பட்டது. 2017-வது வருஷம் பிப்ரவரியில்தான், சுற்றுப்புறம் ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு புறக்கதிர் கலந்திருக்குமென்று படந்தோறும் தனித்தனியே கணக்கிட்டுக் கழிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அதன்பின் சராசரிப் பிழை சுமார் அரை டிகிரிக்குள் அடங்கிற்று. பழைய படங்களும் புதிய முறையால் மறுபடி கணக்கிடப்பட்டன.

பொறுக்கத்தக்க பிழையும் பொறுக்கத்தகாத பிழையும்

ஒரு மரக்கால் எப்போதும் அரைப்படி குறைவாகவே அளக்குமானால், அதைத் தெரிந்துகொண்டு கணக்கைச் சரிசெய்துவிடலாம். எதிரே நிற்பவருக்குத் தக்கபடி கூடவும் குறையவும் அளக்கும் மரக்காலுக்குப் பரிகாரம் இல்லை. சூட்டின் கணக்கிலும் அவ்வாறே.

மேலே சொன்ன மெட்ரிக் முறையில், படத்திலுள்ள மிகக் குளிர்ந்த செழும்பயிர் வயல் ஒன்றையும், மிகச் சூடான வறண்ட தரிசு ஒன்றையும் இரு முனைகளாக வைத்துக்கொண்டு, மற்ற வயல்களை அவற்றுக்கிடையே நிறுத்தி நீர்ச்செலவைக் கணக்கிடுகின்றனர். எல்லா இடத்திலும் 2 டிகிரி அதிகமாகக் காட்டினால், இரு முனைகளும் சேர்ந்தே ஏறும், இடைவெளி மாறாது, கணக்கு பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால், படத்தின் ஒரு பக்கத்தில் 1 டிகிரியும் மறுபக்கத்தில் 3 டிகிரியும் பிழை இருந்தால், முறை எவ்வளவு சிறந்ததாயினும் கணக்கு தவறியே தீரும்.

அது எவ்வளவு என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். செழும்பயிருக்கும் தரிசுக்கும் சூட்டில் 20 டிகிரி வித்தியாசம் என்றும், செழும்பயிர் நாளொன்றுக்கு 8 மில்லிமீட்டர் நீர் பருகுகிறதென்றும், தரிசில் நீர்ச்செலவே இல்லையென்றும் வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு டிகிரிக்கு 0.4 மில்லிமீட்டர் ஆகிறது. ஓர் ஏக்கரில் 0.4 மில்லிமீட்டர் நீர் என்பது சுமார் 1,600 லிட்டர். ஆகவே, 2 டிகிரிப் பிழையால் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 3,200 லிட்டர் கணக்கில் பிசகும். ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டில் இது 32 லட்சம் லிட்டராகும். ஒரு வாய்க்காலின் நீரை மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் பங்கிட்டுக்கொள்ளுமிடத்தில் இது சிறிய தொகையன்று. வயல் உண்மைக்குக் குறைந்த சூடாகத் தோன்றினால், பருகாத நீரைப் பருகியதாகக் கணக்கேறும். அதிகச் சூடாகத் தோன்றினால், பாய்ச்சிய பயிரும் வாடியதாகத் தோன்றும்.

மண்ணின் தன்மையால் நேரும் பிழை

கருவியும் காற்றும் சரியாயினும், நிலத்தின் தன்மையில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாப் பொருள்களும் தம் சூட்டுக்குரிய கதிரை முழுவதும் வெளியிடுவதில்லை. நீரும் அடர்ந்த பயிரும் நூற்றுக்கு 98 அல்லது 99 பங்கு வெளியிடுகின்றன. உலர்ந்த வெண்மணலோ, சில அலைநீளங்களில், நூற்றுக்கு 80 பங்குக்கும் குறைவாகவே வெளியிடுகிறது. இத்திறனை நூற்றில் ஒரு பங்கு தவறாக மதித்தால், சூட்டில் சுமார் அரை டிகிரி தவறும். இளம்பயிருக்கு நடுவே மணல் தெரியும் கொல்லையில் பிழை நேர இதுவே முக்கிய காரணம். ஆதலால், ஏரிகளோடு நில்லாமல் வறண்ட நிலங்களிலும் சோதனை நடத்தப்படுகிறது. ஆப்பிரிக்காவில் நமீபியா தேசத்துக் கோபாபெப் என்னுமிடத்தில், பரந்து ஒரே சீராயிருக்கும் சரளைக்கல் வெளியில், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத்து ஆராய்ச்சியாளர்கள் நிறுவிய நிலையம் இதற்குப் பேர்போனது.

2021-வது வருஷம் செப்டம்பர் மாதம் 27-ந் தேதி செலுத்தப்பட்ட லாண்ட்ஸாட் 9-ன் கருவியில், புறக்கதிர் நுழையாதபடி தொலைநோக்கிக்குள் தடுப்புகள் வைக்கப்பட்டன. அவ்வருஷம் நவம்பரில் சில நாட்கள் அதை லாண்ட்ஸாட் 8-க்கு நேர் கீழாகப் பறக்கச்செய்து, ஒரே நிலத்தை இரண்டு கருவிகளும் ஒரே சமயத்தில் பார்க்கும்படி செய்து ஒத்துப் பார்த்தனர். புது மரக்காலைப் பழைய மரக்காலோடு வைத்து அளந்து பார்ப்பதே இது.

குடியானவர்கள் கவனிக்கவேண்டியவை

1. செயற்கைக் கோள் சொல்வது நிலத்தின் மேற்பரப்புச் சூடு, காற்றின் சூடன்று. வானிலை அறிக்கையில் வருவது நிழலில் உள்ள காற்றின் சூடு. கோடையில் வெறும் மண் காற்றைவிட 10, 15 டிகிரி அதிகச் சூடாக இருத்தல் இயல்பே. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

2. லாண்ட்ஸாட் 8-ன் சூட்டுப் படம் 30 மீட்டர் கட்டங்களாக நமக்குக் கிடைப்பினும், கருவி அளந்தது 100 மீட்டர் கட்டத்தையே. அது சுமார் 2½ ஏக்கர். அதனினும் சிறிய வயலின் எண்ணில் பக்கத்து வயலும், வரப்பும், பாதையும் கலந்திருக்கும். அரை ஏக்கர் நிலத்துக்கு அந்த எண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தகாது.

3. மேகம் மூடிய நாளில் கருவி காண்பது மேகத்தையே. மெல்லிய மேகமும் நிலத்தைக் குளிர்ந்ததாகக் காட்டும்.

4. ஒரு நாளின் எண்ணைவிட, அடுத்தடுத்த பல படங்களில் நம் வயல் பக்கத்து வயல்களோடு எவ்விதம் ஒப்பாக நிற்கிறது என்பதே பயன் தருவது.

5. யாரேனும் வானத்து அளவைக் காட்டி, உங்கள் பயிர் வாடுகிறதென்றோ வாடவில்லையென்றோ கூறினால், அவ்வளவு எந்தக் கருவியினுடையது, எந்தத் தேதியது, எவ்விதம் சரிபார்க்கப்பட்டது, எவ்வளவு டிகிரி பிழைக்கு இடமுள்ளது என்று கேட்கவேண்டும். கேட்பது மரியாதைக் குறைவன்று. மரக்காலில் முத்திரையைப் பார்ப்பது போன்றதே.

கைக்கருவியைச் சரிபார்த்தல்

தொடாமல் சூட்டை அளக்கும் கைக்கருவிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. சில குடியானவர்கள் அவற்றைக்கொண்டு இலையின் சூட்டைப் பார்ப்பதுண்டு. அவையும் செயற்கைக் கோளின் கருவியும் ஒரே தத்துவத்தில் வேலை செய்வன. ஆகவே அவற்றுக்கும் சோதனை வேண்டும். வீட்டிலேயே செய்யலாம்.

அகன்ற பாத்திரமொன்றில் பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி நிரப்பி, அது மூழ்கும் அளவுக்குச் சிறிது தண்ணீர் ஊற்றிக் கலக்கிச் சில நிமிஷம் வைக்கவேண்டும். மறுபடி கலக்கியவுடன், கருவியை நேர் மேலிருந்து பிடித்துப் பார்த்தால் 0 டிகிரி காட்டவேண்டும். பிறகு வேறொரு பாத்திரத்தில் 40 டிகிரி அளவுள்ள வெந்நீரை வைத்து, நல்ல உஷ்ணமானியால் கலக்கிக்கொண்டே அதன் சூட்டைப் பார்த்து, அதே கணத்தில் கைக்கருவியும் அதே எண்ணைக் காட்டுகிறதாவென்று காணவேண்டும். நீராவி கருவியின் கண்ணாடியில் படியாதபடி பார்த்துக்கொள்க. இரண்டிலும் ஒரே அளவு தவறினால், அந்த அளவைக் கழித்துக்கொண்டு உபயோகிக்கலாம். ஒன்றில் சரியாகவும் மற்றொன்றில் தவறாகவும் இருந்தால், நடுவில் உள்ள சூட்டையும் அதனிடம் நம்பிக் கேட்கலாகாது.

வயலில் பார்க்கும்போது, கருவியின் பார்வை வட்டத்துக்குள் இலை மட்டுமே விழும்படி அருகில் பிடிக்கவேண்டும். 12-க்கு 1 என்று குறித்த கருவி, 12 அடி தூரத்தில் ஓர் அடி அகலத்தைப் பார்க்கும். அவ்வகலத்தில் வெயிற்பட்ட மண் சிறிது கலந்தாலும் எண் ஏறிவிடும். லாண்ட்ஸாட் 8-க்கு நேர்ந்த புறக்கதிர்க் கோளாறும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

வானத்திலிருந்து நிலத்தை அளக்கும் வித்தை மேன்மேலும் வளரும். அதன் எண்கள் நம் வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் கணக்குச் சொல்ல வருவதும் திண்ணம். அவை வரும்போது வெறுக்கவும் வேண்டாம். கேளாமல் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். மலைமேல் ஓர் ஏரியில் மிதக்கும் நான்கு மிதவைகளுக்குக் கட்டுப்பட்டே அக்கருவிகள் உண்மை பேசுகின்றன என்பதை நினைவில் வைத்து, வயலில் இறங்கி மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கத்தையும் கைவிடாதிருப்போமாக.